காற்றாலையில் குடித்தனம்

ஹாலந்து நாட்டுக் காற்றாலையைக் காலண்டர் படத்திலோ பிஸ்கட் டப்பாவிலோ பார்க்காதவர்கள் குறைவு. நான்கு இறக்கைகள், கீழே ஒரு வாய்க்கால், கரையில் இரண்டு பசுமாடுகள். பார்க்க அழகாக இருப்பதால் அழகுக்காகவே கட்டி வைத்தார்கள் என்று பலரும் எண்ணிக் கொள்கிறார்கள். உண்மையில் அது அவர்களுடைய பம்ப் செட். நாம் பம்ப் செட்டுக்கு ஒரு கொட்டகை போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். அவர்களோ அந்தக் கொட்டகைக்குள்ளேயே பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்து, இரவு பகல் பாராமல் தண்ணீர் இறைத்தார்கள்.

இன்று அந்த ஆலைகளில் சில வெறும் வீடுகளாகிவிட்டன. வேறு சில, வீடாகவும் இருக்கின்றன, ஆலையாகவும் ஓடுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. இறக்கையை வெட்டி, பல்சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே சோபா போட்டு உட்காருவதை நாம் பாராட்டுவதற்கில்லை. ஆலையை ஓட்டத் தெரிந்தவனுக்கே அதில் குடியிருக்க இடம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறதே, அதில்தான் விவசாயிக்குச் சேதி இருக்கிறது. விஷயத்தை முதலிலிருந்து பார்ப்போம்.

நெதர்லாந்தின் மேற்குப் பகுதி ஆதியில் பெரும் சதுப்பு. நாணலும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிச் சேர்ந்த கரிய மண். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியேறிய உழவர்கள் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். ஈரம் வடிந்ததும் மண் சுருங்கியது. காற்றுப் பட்டதும் மேலும் மக்கிக் கரைந்தது. நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் நீர் தேங்கியதும் இன்னும் ஆழமாக வடித்தார்கள். நிலம் இன்னும் தாழ்ந்தது. இப்படியே போய் ஆற்று மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. கிணற்றை வெட்ட வெட்டத் தண்ணீர் கீழே போகிற கதை நமக்கும் புதிதல்ல.

தானாக வடியாத நீரை இறைத்துத்தான் கொட்ட வேண்டும். கையாலும் குதிரையாலும் இறைத்துச் சமாளிக்க முடியாத நிலையில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிறைக்கும் காற்றாலை அங்கே தோன்றியது. மாவரைக்கும் காற்றாலை அதற்கு முன்பே இருந்தது. அதே இறக்கையை அரவைக் கல்லுக்குப் பதிலாக ஒரு துடுப்புச் சக்கரத்தோடு இணைத்தார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அரசன் கஜானாவிலிருந்து அல்ல. 13ஆம் நூற்றாண்டு முதலே அங்கே நீர் வாரியங்கள் உண்டு. ஒரே கரையால் காக்கப்படும் நிலக்காரர்கள் கூடி, நிலத்தின் அளவுக்கேற்ப வரி போட்டு, கரையையும் மதகையும் ஆலையையும் பராமரித்தார்கள். தன் பங்குக் கரையைச் சீர் செய்ய இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு நிலத்தை விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலமும் சேரும், கரை காக்கும் கடமையும் சேரும். கொடுமையான சட்டம்தான். ஆனால் ஒருவன் பங்கில் உடைப்பு ஏற்பட்டால் ஊர் முழுவதும் மூழ்கும் இடத்தில் தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. இத்தகைய வாரியங்கள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இப்போது 21 இருக்கின்றன. இன்றும் தேர்தல் வைத்து, தனி வரி வசூலித்து நடத்துகிறார்கள்.

ஏரியை வயலாக்கிய விதம்

17ஆம் நூற்றாண்டில் ஏரிகளையே வற்ற வைக்கும் துணிச்சல் வந்தது. ஏரியைச் சுற்றிக் கரை போடுவது, கரைக்கு வெளியே சுற்று வாய்க்கால் வெட்டுவது, உள்ளே இருக்கும் நீரை ஆலைகளால் இறைத்து அந்த வாய்க்காலில் விடுவது - இதுதான் முறை. பேம்ஸ்டர் என்ற ஏரி இவ்வாறு 1612ஆம் ஆண்டில் வற்ற வைக்கப்பட்டது. பரப்பு ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேல். 43 ஆலைகள் இறைத்தன. இந்த வேலையில் பேர் பெற்றவர் லேக்வாட்டர் என்ற ஆலை கட்டும் வினைஞர்.

ஒரு துடுப்புச் சக்கரம் நான்கு, ஐந்து அடிக்கு மேல் நீரை ஏற்றாது. ஆகவே ஆழமான ஏரியில் மூன்று, நான்கு ஆலைகளைப் படிக்கட்டுப் போல வரிசையாக நிறுத்தினார்கள். கீழே உள்ள ஆலை ஏற்றிய நீரை அடுத்த ஆலை வாங்கி ஏற்றும். பக்கத்தில் உள்ள ஸ்கெர்மர் ஏரி 1635இல் வற்றியது. அங்கே 52 ஆலைகள் நின்றன. இன்று மிஞ்சியிருப்பவை 11. பிற்காலத்தில் பல ஆலைகளில் துடுப்புச் சக்கரத்தை எடுத்துவிட்டுத் திருகாணி போன்ற நீண்ட இறைவையைப் பொருத்தினார்கள். அது ஒரே மூச்சில் கூடுதல் உயரத்துக்கு ஏற்றும்.

ராட்டர்டாம் நகருக்கு அருகே உள்ள கிண்டர்டைக் என்ற ஊரில் இன்றும் 19 ஆலைகள் நிற்கின்றன. செங்கல்லால் வட்டமாகக் கட்டிய எட்டு 1738ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நாணல் வேய்ந்த எண்கோண ஆலைகள் எட்டு 1740ஐச் சேர்ந்தவை. 1997இல் ஐ.நா. கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வீட்டின் அமைப்பு

எண்கோண ஆலையின் அமைப்பைச் சொன்னால் மற்றவை தானே விளங்கும். கீழே செங்கல் அடித்தளம். அதன் மேல் எட்டுப் பெரிய மரத் தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்து கூம்பாக மேலே போகின்றன. வெளிப்புறம் கனமான நாணல் வேய்வு. உச்சியில் திரும்பக் கூடிய தலைப்பகுதி. அந்தத் தலையில்தான் இறக்கைகளைத் தாங்கும் அச்சு சற்றுச் சாய்வாகக் கிடக்கிறது. ஒரு இறக்கை நுனியிலிருந்து எதிர் நுனி வரை 90 அடி வரை இருக்கும். அச்சில் பெரிய பல்சக்கரம். அது செங்குத்தாக நிற்கும் நடுத் தண்டைச் சுழற்றும். நடுத் தண்டு உச்சியிலிருந்து தரை வரை இறங்கி, அங்கே இன்னொரு ஜோடிப் பல்சக்கரத்தால் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றும். பற்கள் எல்லாம் வைரம் பாய்ந்த கட்டை. தேன்மெழுகு தடவுவார்கள். அச்சின் கழுத்துக்குப் பன்றிக் கொழுப்பு. பல் ஒடிந்தால் அதை மட்டும் அடித்தெடுத்துப் புதுப் பல் செருகிவிடலாம். ஒரு தச்சனும் ஒரு கொல்லனும் இருந்தால் பழுது பார்க்க முடியாதது எதுவும் அந்த ஆலையில் இல்லை.

இந்த நடுத் தண்டு வீட்டின் நட்ட நடுவே சுழலுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதைச் சுற்றித்தான் குடித்தனம். அடித்தளத்தில் ஒரு பக்கம் கூடம், அதுவே சமையல், அதுவே சாப்பாடு. சுவரோடு அலமாரி போல் கதவு வைத்த படுக்கைகள். பகலில் கதவைச் சாத்திவிட்டால் இடம் மிச்சம். குளிருக்கும் அடக்கம். மேல் தட்டில் பிள்ளைகள். சுவர் சாய்ந்திருப்பதால் பீரோவை ஒட்டி வைக்க முடியாது. வட்ட ஆலையில் எந்த மேஜையும் மூலைக்குப் பொருந்தாது, ஏனென்றால் மூலையே இல்லை. துடுப்புச் சக்கரம் சுவருக்கு வெளியே ஒட்டியோ, உள்ளேயே ஒரு தடுப்புக்கு அப்பாலோ ஓடும். காற்று வீசும் இரவில் தண்ணீர் அடிக்கும் ஓசையும் மரம் முனகும் ஓசையும் நடுவே தூக்கம். கோடையில் மட்டும் பக்கத்தில் ஒரு சிறு வீட்டில் சமையலை வைத்துக் கொண்டார்கள்.

வாசல் இரண்டு, எதிரும் புதிருமாக. இது சாஸ்திரம் பார்த்து வைத்ததல்ல. இறக்கை நுனி தரையை உரசுவது போல் ஓரிரு அடி உயரத்தில் போகும். காற்று திரும்பினால் இறக்கையும் ஒரு வாசலுக்கு முன் வந்துவிடும். அப்போது மறு வாசல் வழியாகத்தான் போக்குவரத்து. சுழலும் இறக்கை அடித்து ஆளும் ஆடும் செத்ததுண்டு. தவழும் குழந்தையைக் கயிற்றால் கட்டி வைக்கும் பழக்கம் இருந்ததில் வியப்பில்லை.

ஆலைக்காரன் கூலி சொற்பம். குடியிருக்க இடம், தோட்டம் போடக் கொஞ்சம் நிலம், வாய்க்காலில் மீன் பிடிக்கும் உரிமை ஆகியவற்றைச் சேர்த்துத்தான் பெரிய குடும்பத்தைத் தாங்கினான். பதிலுக்கு அவன் செய்ய வேண்டியது என்ன? காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்குத் தலையைத் திருப்ப வேண்டும். இதற்குப் பின்புறம் தரை வரை இறங்கும் வால்மரமும் அதில் ஒரு உருளையும் உண்டு. பெரும் பாரத்தைச் சங்கிலியால் அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். வட ஹாலந்தில் சில ஆலைகளில் உச்சியில் உள்ளேயிருந்தே திருப்புவார்கள். இறக்கைச் சட்டத்தில் பாய் விரிப்பது, காற்று வலுத்தால் பாயைச் சுருட்டுவது, மேலும் வலுத்தால் பிரேக் போடுவது எல்லாம் அவன் வேலை. நல்ல காற்றில் நிமிஷத்துக்கு இருபது சுற்று. நிமிஷத்துக்குப் பல்லாயிரம் லிட்டர் நீர் ஏறும். காற்றில்லாத நாளில் ஒன்றும் ஏறாது.

அந்தக் காற்றுக்கும் ஒரு காலத்தில் வரி இருந்தது என்றால் நம்புவீர்களா? ஜமீன்தாருக்கு நிகரான பிரபுக்கள் தங்கள் எல்லையில் ஆலை வைப்பவர்களிடம் காற்று உரிமை என்று தனியாகக் கப்பம் வாங்கினார்கள். காற்றைத் தடுக்கும்படி அக்கம்பக்கத்தில் யாரும் உயரமாகக் கட்டாமல் பார்த்துக் கொள்வது அதற்குக் கைம்மாறு. கப்பம் ஒழிந்துவிட்டது, காற்றுக்குப் பாதுகாப்பு ஒழியவில்லை. இப்போதும் பல ஊர்களின் கட்டட விதிப்படி ஆலைக்கு 100 மீட்டருக்குள் இறக்கையின் கீழ் நுனிக்கு மேல் உயரும் கட்டடமோ மரமோ கூடாது; அதற்கு அப்பால் தூரம் கூடக் கூடத்தான் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுமதிக்கிறார்கள். கால்வாயின் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் உரிமை எப்படியோ, அப்படி ஆலைக்குக் காற்று உரிமை.

இனி நீராவியின் கதை. ஆம்ஸ்டர்டாமுக்கு மேற்கே இருந்த ஹார்லம் ஏரியை வற்ற வைக்க 160 ஆலைகள் வேண்டும் என்று லேக்வாட்டர் 1641இல் ஒரு திட்டம் எழுதினார். நடக்கவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1849 முதல் 1852 வரை, மூன்றே மூன்று நீராவி இயந்திரங்கள் அந்த வேலையை முடித்தன. அவற்றில் ஒன்றுக்கு லேக்வாட்டரின் பெயரையே வைத்தார்கள். அப்போது நாட்டில் ஒன்பது, பத்தாயிரம் காற்றாலைகள் இருந்தன. இன்று ஆயிரத்துக்குச் சற்று மேல். நீராவிக்குப் பின் டீசல், டீசலுக்குப் பின் மின்சாரம். ஸ்கெர்மரில் 1920களின் இறுதியில் மின்சாரப் பம்ப் வந்ததும் ஆலைகள் நின்றன. நின்ற ஆலையைப் பிரித்து மரத்தை விற்றார்கள். அல்லது இறக்கையை மட்டும் கழற்றிவிட்டு மொட்டைக் கோபுரத்தைக் கிடங்காக்கினார்கள். பிறகு அந்த மொட்டைக் கோபுரத்தைப் பணம் படைத்தவர்கள் வாங்கி வீடாக மாற்றினார்கள்.

வாரியங்கள் நவீன இயந்திரத்துக்கு மாறியதைக் குறை சொல்ல மாட்டோம். காற்றை நம்பி வயலை மூழ்கடிக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டான். ஆனால் புதியது வந்த அன்றே பழையதை உடைத்ததுதான் அவசர புத்தி. இரண்டாம் உலகப் போரில் நிலக்கரியும் டீசலும் கிடைக்காமல் போனபோது என்ன நடந்தது? கிண்டர்டைக்கில் நின்றிருந்த ஆலைகளை மறுபடி ஓட்டினார்கள். உடைக்காமல் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு நீரை வெளியேற்ற வழி இருந்தது. இப்போதும் சில வாரியங்கள் தங்கள் பழைய ஆலைகளை அவசர காலத்துக்கு ஓடும் நிலையில் வைத்திருக்கின்றன. இதைப் பழமை மோகம் என்று தள்ளிவிட முடியாது.

ஆலைகளைக் காக்க 1923இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போதும் ஒரு சிக்கல் தீரவில்லை. கட்டடத்தைக் காப்பாற்றலாம், ஓட்டத் தெரிந்தவன் செத்துப் போனால் என்ன செய்வது? தொழில் முறை ஆலைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். லெய்டன் நகரில் 1743இல் கட்டிய ஏழு தட்டுச் செங்கல் ஆலை ஒன்று இருக்கிறது, பெயர் வல்லூறு. அது மாவாலை; அதன் அடித்தட்டுகளிலும் குடும்பம் வாழ்ந்தது. அதன் கடைசி ஆலைக்காரர் 1964 வரை இருந்தார்; 1966இல் அது காட்சிசாலையானது. (ஓவியர் ரெம்ப்ராண்ட் இதே ஊர்க்காரர், ஒரு ஆலைக்காரரின் மகன்.) இப்படி ஒவ்வொன்றாய் அணைந்து கொண்டிருந்தபோதுதான், 1972இல் தொண்டர் ஆலைக்காரர்களின் சங்கம் ஒன்று பிறந்தது. ஆசிரியரும் குமாஸ்தாவும் எலெக்ட்ரீஷியனும் ஓய்வு நேரத்தில் பழைய ஆலைக்காரரிடம் தொழில் பழகி, பரீட்சை எழுதி, சான்றிதழ் பெற்றார்கள். 2017இல் யுனெஸ்கோ அந்த ஆலைக்காரத் தொழிலையே மனித குலத்தின் பாரம்பரியமாக ஏற்றது. கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதையைவிட இது பெரியது என்பேன்.

இந்தச் சான்றிதழ் பெற்றவர்களுக்குத்தான் கிண்டர்டைக்கில் ஆலை வீடு கிடைக்கிறது. வேறு இடங்களிலும் அறக்கட்டளைகளும் வாரியங்களும் ஆலையைத் தங்கள் சொத்தாகவே வைத்துக்கொண்டு, ஓட்டுவதாக ஒப்புக்கொள்பவருக்கு வாடகைக்கு விடுகின்றன. ஏன் இந்த நிபந்தனை என்று கேட்கலாம். ஓடாத ஆலை சீக்கிரம் சாகிறது. பல் இறுகுகிறது, இறக்கையில் மழை நீர் ஒரே இடத்தில் தங்கி உளுக்கிறது, தூணில் வண்டு துளைப்பதை யாரும் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும்விட மோசம் புயல் இரவு. காற்றுத் திசை மாறிப் பின்னாலிருந்து அடித்தால் தலைப்பகுதியே பெயர்ந்து விழக் கூடும். அந்த நேரம் எழுந்து போய்த் தலையைத் திருப்ப ஆள் வேண்டும். சம்பளக் காவலாளி பத்து மைல் தொலைவில் தூங்கிக் கொண்டிருப்பான். தன் பிள்ளைகள் அதே கூரையின் கீழ் படுத்திருக்கும் மனிதன் தூங்க மாட்டான்.

சுகமான வாழ்வா என்றால் இல்லை. ஜன்னலை ஒரு அங்குலம் அகலமாக்கவும் அனுமதி வாங்க வேண்டும். நாணல் கூரைக்குத் தீப் பயம். கிண்டர்டைக்கில் சுற்றுலாக்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது வேறு தொல்லை. இயந்திரத்தை எடுத்துவிட்டால் இன்னும் இரண்டு அறை கிடைக்குமே என்று எந்த இல்லத்தரசிக்கும் தோன்றத்தான் செய்யும். அதற்கு இணங்காத இடத்தில் ஆலை பிழைத்திருக்கிறது. இணங்கிய இடத்தில் கோபுர வடிவில் ஒரு பங்களா இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆலையால் வந்த வினை இன்னும் தீர்ந்தபாடில்லை. கரிய மண் பகுதிகளில் நிலம் இன்றும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை தாழ்ந்து கொண்டிருக்கிறது. மக்கும் மண் கரியமில வாயுவைக் கக்குகிறது. வாய்க்கால் மட்டத்தை உயர்த்தி நிலத்தை ஈரமாக வைக்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். ஈர நிலத்தில் மாடு இறங்காது, டிராக்டர் புதையும் என்கிறார்கள் பால் பண்ணைக்காரர்கள். இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. அறுநூறு ஆண்டு இறைத்த பிறகு வந்த வழக்கு இது, சீக்கிரம் முடியாது.

டச்சுக்காரர்களின் காற்றாலை அறிவு நம் நாட்டுக்கும் ஒரு முறை வந்தது. 1970களின் பிற்பகுதியில் உத்தரப் பிரதேசம் காசிப்பூரில், அவர்கள் உதவியோடு, சிறு விவசாயிக்கென ஒரு நீரிறைக்கும் காற்றாலை உருவானது. பெயர் 12-பி.யூ.-500. விட்டம் ஐந்து மீட்டர், அதாவது பதினாறு அடி. உள்ளூர்ப் பட்டறையில் செய்யக் கூடியது. 1980களில் அரசாங்க மானியத்தோடு பல மாநிலங்களில் நிறுத்தினார்கள். பராமரிப்பு இல்லாமல் பல நின்று போயின. இயந்திரத்தை மட்டும் வாங்கினோம், அதை எண்ணெய் போட்டு ஓட்டப் போகிற ஆளுக்கு ஏற்பாடு செய்யவில்லை. மானியம் கொடுக்கும்போது இயந்திரத்துக்கு ஒரு பங்கு என்றால், பழுது பார்க்க ஊரில் ஒருவனைப் பழக்குவதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். சூரிய சக்திப் பம்ப் செட்டுக்கு மானியம் தரும் இந்த நாளிலும் இதைக் கேட்டு வாங்குவது விவசாயிகள் சங்கங்களின் வேலை. இயந்திரம் தருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதுதான்.

பிள்ளைகள் வேலை நிமித்தம் ஹாலந்தில் இருந்து, போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பவர்கள் மே மாதம் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டிப் போவது நல்லது. அன்று தேசிய ஆலை நாள். நாடு முழுவதும் ஆலைகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில், ஆலையில் நீலக் கொடி பறந்தால் உள்ளே போகலாம், ஆலைக்காரர் இருக்கிறார் என்று பொருள். கொடி இல்லாவிட்டால் அது ஒரு குடும்பத்தின் வீடு. ஜன்னலில் எட்டிப் பார்க்காமல் வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.